தையல் எந்திரம் தந்த ஐசக் சிங்கர்

எந்திரங்கள் பெருகினால் ஏழையின் வேலை பறிபோகும் என்று எச்சரித்தவர் காந்தியடிகள். அவரே விலக்கு அளித்த எந்திரம் ஒன்று உண்டு. அது தையல் எந்திரம்.

1924-ம் ஆண்டு டெல்லியில் காந்தியடிகளை ராமச்சந்திரன் என்ற மாணவர் சந்தித்தார். (பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர்.) எந்திரம் என்றாலே கூடாதா என்று அவர் கேட்டார். அப்படி இல்லை, சிலவற்றுக்கு விலக்கு உண்டு என்று விளக்கிய காந்தியடிகள், உதாரணமாகக் காட்டியது சிங்கர் தையல் எந்திரத்தை.

தன் மனைவி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பாடுபடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவள் மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அந்த எந்திரத்தைச் செய்தார் என்று காந்தியடிகள் நம்பினார். அன்பில் பிறந்த எந்திரம் என்பதால் அவருக்கு அதன்மீது தனி மதிப்பு.

அழகான கதைதான். ஆனால் சிங்கரின் வாழ்க்கை அப்படி இல்லை. அவர் எந்த மனைவிக்காகவும் எந்திரம் செய்யவில்லை. கையில் காசு இல்லாமல், செய்த வேறொரு எந்திரம் விலைபோகாமல் தவித்த நேரத்தில் பிழைப்புக்காகச் செய்தார். மனைவிக்காக என்ற கதைக்கு உரியவர் வேறொருவர். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

ஓடிப்போன சிறுவன்

ஐசக் மெரிட் சிங்கர் 1811-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந்தேதி அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆடம் சிங்கர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர். மாவு ஆலைகளுக்கு எந்திரம் பூட்டும் தொழிலாளி. வீட்டில் 8 பிள்ளைகள். ஐசக் கடைக்குட்டி.

ஐசக்குக்கு 10 வயது ஆனபோது தாயும் தந்தையும் விவாகரத்து செய்துகொண்டு பிரிந்தார்கள். மாற்றாந்தாய் வந்தாள். ஒத்துப்போகவில்லை. 12 வயதில் சிறுவன் வீட்டை விட்டு ஓடி, ராச்செஸ்டர் நகரில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான்.

படிப்பு அதிகம் இல்லை. கிடைத்த வேலையைச் செய்தான். 19 வயதில் ஒரு மெக்கானிக்கிடம் தொழில் பழகச் சேர்ந்தான். கை, சொன்ன பேச்சைக் கேட்டது. சில மாதங்களிலேயே வேலை பிடிபட்டுவிட்டது. ஆனால் மனம் பட்டறையில் இல்லை. நாடக மேடையில் இருந்தது. ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், கணீர் என்ற குரல். நடிகனாகவே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தான்.

1830-ல் கேத்தரின் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மணப்பெண்ணுக்கு வயது 15. வில்லியம் என்ற மகனும் லிலியன் என்ற மகளும் பிறந்தார்கள். நாடகக் கம்பெனியுடன் ஊர் ஊராகப் போன சிங்கர், பால்டிமோர் நகரில் மேரி ஆன் என்ற பெண்ணைச் சந்தித்தார். முதல் மனைவி உயிரோடு இருக்க, இவருடனும் குடும்பம் நடத்தினார். மேரி ஆனுக்கு அடுத்தடுத்து 10 குழந்தைகள் பிறந்தன.

1839-ல் பாறையைத் துளைக்கும் எந்திரம் ஒன்றைச் செய்து பேடண்டு உரிமை பெற்றார். அதை 2 ஆயிரம் டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அத்தனையையும் நாடகத்தில் போட்டார். சொந்தமாக ஒரு குழு அமைத்து, ஐசக் மெரிட் என்ற பெயரில் நடித்தார். மேரி ஆனும் உடன் நடித்தார். சுமார் 5 ஆண்டுகளில் பணம் கரைந்தது. ஒகாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குழு கலைந்தது. வயிற்றுப்பாட்டுக்காக மறுபடியும் பட்டறைக்கே போனார்.

(இந்தியக் கடைகளில் 'மெரிட்' என்ற பெயர் பொறித்த தையல் மெஷினைப் பலர் பார்த்திருப்பார்கள். அது இவருடைய நடுப்பெயர்தான்.)

வெடித்த கொதிகலன்

அச்சுத் தொழிலுக்கு மர எழுத்துகளைச் செதுக்கும் எந்திரம் ஒன்றை அடுத்துச் செய்தார். 1849-ல் அதற்கும் பேடண்டு கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். எந்திரத்தை வைத்திருந்த பட்டறையில் கொதிகலன் வெடித்தது. எந்திரம் நொறுங்கியது.

அப்போது அவருக்கு வயது 38. கையில் பணம் இல்லை.

ஜார்ஜ் சீபர் என்ற புத்தக வெளியீட்டாளர் பணம் கொடுத்து உதவினார். எழுத்து செதுக்கும் எந்திரத்தை மீண்டும் செய்து, 1850-ல் இருவரும் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் இடம் பிடித்துக் காட்சிக்கு வைத்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. மர எழுத்தின் காலம் போய்க்கொண்டிருந்தது.

அதே பட்டறையில் வேறொரு எந்திரம் அடிக்கடி பழுதுபார்க்க வந்துகொண்டிருந்தது. லெரோ, பிளாட்ஜெட் என்ற இருவர் வடிவமைத்த தையல் எந்திரம் அது. அதில் ஷட்டில் வட்டமாகச் சுற்றி ஓடும். ஊசி வளைந்திருக்கும். நூல் முறுக்கிக்கொள்ளும். தைத்துக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடும். பெல்ப்ஸ் அதைச் சீர் செய்தே சலித்துப்போனார். சிங்கரைப் பார்க்கச் சொன்னார்.

சிங்கருக்கு முதலில் விருப்பம் இல்லை. தையல், பெண்கள் சமாசாரம் என்று அலட்சியமாகப் பார்த்தார். ஆனால் மர எழுத்து சோறு போடாது என்பது தெரிந்துவிட்டது. எந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஷட்டில் வட்டமாக ஓடாமல் நேர்கோட்டில் போய் வர வேண்டும், வளைந்த ஊசிக்குப் பதில் நேரான ஊசி மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சீபர் 40 டாலர் கொடுப்பது, பெல்ப்ஸ் பட்டறையும் ஆட்களும் கொடுப்பது, சிங்கர் மூளையைக் கொடுப்பது. லாபம் மூவருக்கும் சமபங்கு.

11 நாள்

வேலை இரவு பகலாக நடந்தது. 11-வது நாள் இரவு எந்திரம் பூட்டி முடிந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். தையல் இறுகவில்லை. நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. மறுபடி மறுபடி முயன்றும் பலன் இல்லை. கூலியாட்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். சிங்கரும் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற சீபரும் மட்டும் மிச்சம்.

நள்ளிரவில் இருவரும் சோர்ந்துபோய்த் தங்கும் இடத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் கிடந்த பலகைக் குவியல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்கள். கண்ணிகள் துணியின் ஒரே பக்கத்தில்தான் விழுகின்றன, கவனித்தீர்களா என்று சீபர் பேச்சுவாக்கில் கேட்டார். சிங்கருக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஊசி நூலுக்கு இழுவிசை வைக்க மறந்துபோயிருந்தார்கள்! இன்று தையல்காரர்கள் டென்ஷன் என்கிறார்களே, அதுதான்.

ஓடிப்போய் அதைச் சரி செய்தார்கள். 5 தையல் கச்சிதமாக விழுந்தது. பிறகு நூல் அறுந்தது. ஆனால் அந்த 5 தையல் போதும் என்று சிங்கருக்குத் தெரிந்துவிட்டது.

1851-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந்தேதி அந்த எந்திரத்துக்கு 8294 என்ற எண்ணில் பேடண்டு கிடைத்தது.

அதில் இருந்த ஒவ்வொன்றும் சிங்கரின் கண்டுபிடிப்பு அல்ல. காதுள்ள முனை கொண்ட ஊசியும் ஷட்டிலும் முன்பே இருந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்து வைத்த விதம் புதிது. துணி மேசைமீது படுத்திருக்கும். அதன் மேலாக ஒரு கை நீண்டு வரும். அந்தக் கையின் நுனியில் இருந்து ஊசி செங்குத்தாக இறங்கும். துணி எழும்பாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த பாதம் ஒன்று மேலே அழுத்தும். ஓட்டுவதற்குக் கால் மிதி. முதல் எந்திரங்களைப் பெட்டியில் வைத்து அனுப்பியபோது, அந்த மரப்பெட்டியே மேசை ஆயிற்று. அதிலேயே மிதியைப் பொருத்தினார். பிரமாதமான யோசனை. ஆனால் மிதிக்குப் பேடண்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. போட்டியாளர்கள் எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கையால் தைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 40 தையல். சிங்கரின் எந்திரம் 900 தையல் போடும் என்று விளம்பரம் செய்தார்கள்.

துணியை நகர்த்தும் பல்

ஒன்று மட்டும் சிங்கர் எந்திரத்தில் சரியாக அமையவில்லை. துணியை நகர்த்துவதற்கு அவர் மேசைக்கு அடியில் சொரசொரப்பான சக்கரம் ஒன்றை வைத்தார். அது துணியை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகும்.

ஆலன் வில்சன் என்ற தச்சுத் தொழிலாளி அதைவிட நல்ல வழி கண்டார். ஊசித்தட்டின் பிளவு வழியே சிறு பல் வரிசை மேலே எழும்பும், துணியைப் பின்னால் இழுக்கும், கீழே இறங்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். நான்கு அசைவு. 1854-ல் இதற்கு பேடண்டு பெற்றார். இன்றும் வீட்டு மெஷின்களில் ஊசிக்குக் கீழே தெரிகிற பற்கள் வில்சனுடையவை.

மெஷின் வாங்கப்போகும் ஒருவர் இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. மேலிருந்து இறங்கும் ஊசியும் நீண்ட கையும் சிங்கர் வழி. துணியை இழுக்கும் பல் வில்சன் வழி. சட்டை, பாவாடை தைக்க இரண்டும் வேண்டும். ஆனால் ஒரு வேலைக்குப் பல் தேவையில்லை, இருந்தால் தொல்லை. அதுதான் பஞ்சுப் போர்வையில் கோலம் போடுவதுபோல் தைக்கும் வேலை.

மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நகராமல் இருக்க ஊடே தையல் ஓட்டுவார்கள். வட இந்தியாவில் குளிருக்குப் போர்த்தும் ரஜாய் இந்த வகை. பஞ்சுக்குப் பதில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்தால் மராட்டியத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா. அமெரிக்காவில் இதற்கு குவில்ட் என்று பெயர். அங்கே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் பூவும் நட்சத்திரமுமாகச் செய்வார்கள். தையல் ஓட்டத்திலும் கொடி, இலை, சுழி என்று சித்திரம் போடுவார்கள்.

இதை மெஷினில் போடுவதற்கு பிரீ மோஷன் தையல் என்று பெயர். பல்லைக் கீழே இறக்கிவிட வேண்டும். துணியை இழுக்க யாரும் இல்லை. தைப்பவர் இரு கைகளாலும் துணியைப் பரப்பிப் பிடித்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். பேனா அசையாமல் நிற்க, காகிதத்தை நகர்த்தி எழுதுவது போன்றது இது. கடைத்தெருவில் துணியை வளையத்தில் பூட்டிப் பெயரும் பூவும் போட்டுத் தரும் எம்பிராய்டரிக்காரர் செய்வதும் இதே வேலைதான்.

அதாவது வில்சனை விலக்கிவிட்டு, சிங்கர் 1850-ல் போட்ட அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தைப்பது. ஊசி செங்குத்தாக இறங்குவதாலும், துணி மேசைமீது படுத்திருப்பதாலும்தான் இது முடிகிறது. துணியை ஊசிமுனைக் கம்பிகளில் செங்குத்தாகத் தொங்கவிட்டு வளைந்த ஊசியால் தைத்த பழைய எந்திரத்தில் இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

எதைப் பார்த்து வாங்குவது?

இந்த வேலைக்கு மெஷின் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நீண்ட கையைத்தான். ஊசிக்கும் வலதுபுறத் தூணுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? வீட்டு மெஷின்களில் சாதாரணமாக 6 அல்லது 7 அங்குலம் இருக்கும். தலையணை உறை, குழந்தை விரிப்புக்கு அது போதும். இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அந்த இடத்தில் நுழைத்தால் கை அசைக்க இடம் இருக்காது. பெரிய போர்வைதான் தொழில் என்றால் 9 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கிற மெஷின் வேண்டும். எத்தனை வகைத் தையல் போடும் என்று கடைக்காரர் அடுக்குவதில் மயங்க வேண்டியது இல்லை. போர்வையில் கோலம் போட நேர்த்தையல் ஒன்றே போதும்.

அடுத்தது பல். அதை இறக்க விசையோ திருகோ இருக்கிறதா என்று கேட்டு, தானே இறக்கிப் பார்த்துவிட வேண்டும். பழைய கறுப்பு இரும்பு மெஷின்களிலும் சிலவற்றில் இந்த வசதி உண்டு. இல்லாதவற்றில் பல்லின் மேல் மூடி போடலாம். ஊசித்தட்டில் ஒரே சிறு துளை இருப்பது நல்லது. அகலமான துளை என்றால், துணியைப் பலபக்கம் இழுக்கும்போது அது துளைக்குள் அமுங்கித் தையல் விட்டுப்போகும்.

கை மெஷின் இதற்கு உதவாது. ஒரு கை சக்கரம் சுற்றப் போய்விடும்; துணியை நகர்த்த இரண்டு கையும் வேண்டும். சிங்கரின் மிதி இங்கேதான் பயன்படுகிறது. கால் மெஷினில் பழகிய காலுக்கு வேகம் சொன்னபடி கேட்கும். மோட்டார் மெஷின் என்றால் மெதுவாக அழுத்தும்போது மெதுவாக ஓடுகிறதா, இல்லை ஒரேயடியாகப் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். கை நகரும் வேகத்துக்குத் தக்கபடி தையல் நீளத்தைத் தானே சமன் செய்யும் கருவியோடு விலை உயர்ந்த மெஷின்கள் வருகின்றன. அவை இல்லாமலும் நல்ல வேலை நடக்கும், பழக்கம் வேண்டும்.

கடைக்குப் போகும்போது இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்த சிறு துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது புத்திசாலித்தனம். ஒற்றைத் துணியில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். பஞ்சுத் துண்டில் வட்டம் வட்டமாகச் சுழற்றித் தைத்து, திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் கண்ணி தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். இந்தத் தையலில் பாதம் துணியை இலேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அதனால் பாதத்தை இறக்கும் நெம்பை இறக்க மறந்துவிடுவார்கள். நெம்பு மேலே இருந்தால் டென்ஷன் தட்டு திறந்தே இருக்கும்; நூல் பிடிபடாது. பாஸ்டன் பட்டறையில் நள்ளிரவில் சிங்கர் திண்டாடிய அதே கோளாறுதான்.

எலியாஸ் ஹோவின் வழக்கு

சிங்கர் ஊர் ஊராகச் சந்தைகளுக்குப் போய் மெஷினை ஓட்டிக் காட்டினார். பழைய நடிகர் அல்லவா? கூட்டத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர். தையல்காரப் பெண்ணின் துயரத்தைச் சொல்லும் பாட்டைப் பாடியே மெஷினை விற்றார்.

அந்த நேரத்தில் கிழிந்த உடையோடு ஒருவர் வந்து நின்றார். எலியாஸ் ஹோ என்பது அவர் பெயர். காதுள்ள முனை ஊசியும் ஷட்டிலும் கொண்ட தையல் எந்திரத்துக்கு 1846-ம் ஆண்டிலேயே பேடண்டு வாங்கியவர். உடல்நலம் குன்றி அவர் படுத்திருந்தபோது, அவருடைய மனைவி அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றும், அதைப் பார்த்துத்தான் அவர் எந்திர வேலையில் இறங்கினார் என்றும் சொல்வார்கள். காந்தியடிகள் சொன்ன கதை பொருந்துவது இவருக்கே. ஹோ பிழைப்புத் தேடி லண்டன் போய், ஏமாந்து, கடனாளியாகத் திரும்பினார். மனைவி காசநோயில் இறந்துபோனார். கணவனுக்கு வந்த பணத்தில் ஒரு காசைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஹோ வழக்குப் போட்டார். சிங்கர் தரப்பு, வால்டர் ஹன்ட் என்ற வேறொருவரைத் தேடிப் பிடித்தது. (சேலை குத்தும் ஊக்கைக் கண்டுபிடித்தவர் இவர்.) 1830-களிலேயே அவர் தையல் எந்திரம் செய்தவர், ஆனால் பேடண்டு வாங்காமல் விட்டுவிட்டார். எனவே உரிமை ஹோவுக்கு இல்லை என்று வாதாடினார்கள். கோர்ட்டு ஏற்கவில்லை. 1854-ல் சிங்கர் 15 ஆயிரம் டாலர் கொடுத்து ஹோவுடன் சமரசம் செய்துகொண்டார்.

வழக்கு அதோடு ஓயவில்லை. வில்சன் பல்லுக்கு உரிமை கொண்டாடினார். ஊசிக்கு ஹோ, கைக்கும் பாதத்துக்கும் சிங்கர். ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைத்திருந்தார்கள். முழு மெஷின் செய்ய யாருக்கும் வழியில்லை. 1856-ல் நான்கு தரப்பினரும் உட்கார்ந்து பேசி உரிமைகளைப் பொதுவில் வைத்தார்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோவுக்கு 5 டாலர். அவர் கோடீசுவரர் வரிசையில் சேர்ந்து, 1867-ல் காலமானார்.

கூட்டாளிகள் கதி

சிங்கரோடு ஒப்பந்தம் எழுதிய இரண்டு பேர் என்ன ஆனார்கள்?

பெல்ப்சிடம் இருந்து பங்கை எழுதி வாங்கி வெளியேற்றிவிட்டார்கள். சீபரின் கதை அதைவிட மோசம். 1851-ன் கடைசியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். சிங்கர் போய்ப் பார்த்தார். பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கருதுவதாகச் சொல்லி, பங்கை விற்றுவிடும்படி கேட்டார். குடும்பம் கடனில் தவிக்குமே என்று பயந்த சீபர், 6 ஆயிரம் டாலருக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு அவர் பிழைத்து எழுந்தார். பங்கு போனது போனதுதான். 40 டாலர் கொடுத்து, விளக்குப் பிடித்து, கண்ணி விழும் பக்கத்தையும் கண்டு சொன்னவர் அவர்.

புதுக் கூட்டாளியாக வந்தவர் எட்வர்டு கிளார்க் என்ற வக்கீல். சிங்கர் எவ்வளவு ஆர்ப்பாட்டமோ, கிளார்க் அவ்வளவு அடக்கம். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

தொடக்கத்தில் மெஷின் விலை 125 டாலர். சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 1856-ல் கிளார்க் ஒரு வழி செய்தார். முதலில் 5 டாலர் கட்டினால் மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்; மீதியை மாதா மாதம் கட்டலாம். தவணை முறையை இவ்வளவு பெரிய அளவில் நடத்திக் காட்டியது இந்தக் கம்பெனிதான். தவணை தவறினால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதும் அதிலேயே அடக்கம். சம்பளத்தில் பிடித்தம் போக வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதன் இனிப்பும் கசப்பும் தெரியும்.

1853-ல் விற்ற சிங்கர் மெஷின்கள் 810. 1876-ல் 2 லட்சத்து 62 ஆயிரம்.

இந்தியாவுக்கும் மெஷின் வந்தது. இங்கே விற்பனையைப் பல ஆண்டு நடத்தியவர் என்.எம்.பட்டேல் என்ற பார்சி. 1930-களில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினீயரிங் கம்பெனி 'உஷா' மெஷின் செய்யத் தொடங்கும்வரை, இந்தியத் தையல்காரருக்கு மெஷின் என்றால் பெரும்பாலும் சிங்கர்தான்.

நடுத்தெருவில் கூச்சல்

பணம் குவிந்தது. நியூயார்க்கில் 5-வது அவென்யூவில் மாளிகை. நாடகத்தில் கிடைக்காத கைதட்டல் வீதியில் கிடைத்தது.

1860-ல் முதல் மனைவி கேத்தரினை விவாகரத்து செய்தார். கால் நூற்றாண்டு குடும்பம் நடத்திய மேரி ஆன், இனியாவது தன்னை முறைப்படி மணப்பார் என்று எதிர்பார்த்தார். அதே ஆண்டு 5-வது அவென்யூவில் மேரி ஆன் கோச்சு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். எதிரே இன்னொரு வண்டி. அதில் சிங்கர். பக்கத்தில் மேரி மெக்கானிகல் என்ற பெண். மேரி ஆன் நடுத்தெரு என்றும் பாராமல் கூச்சல் போட்டார். வீட்டுக்கு வந்த சிங்கர் அவரை அடித்தார். மேரி ஆன் போலீசில் புகார் கொடுத்தார். சிங்கர் கைது செய்யப்பட்டார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. மேரி மெக்கானிகலுக்கும் சிங்கர் மூலம் பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களைத் தவிர மேரி வால்டர்ஸ் என்ற பெண்ணோடு இன்னொரு குடும்பம். ஒரே நகரில், வேறு வேறு பெயர்களில். ஜாமீனில் வந்த சிங்கர் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

இல்லத்தரசிகளுக்கு மெஷின் விற்கிற கம்பெனி. கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டார். 1863-ல் பழைய கூட்டைக் கலைத்து, சிங்கர் உற்பத்திக் கம்பெனி என்று புதிதாகப் பதிவு செய்தார்கள். இருவருக்கும் சமமான பங்கு. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர் தலைவர் ஆகக்கூடாது என்று நிபந்தனை. சிங்கரை நிர்வாகத்தில் இருந்து விலக்க அதுவே வழியாயிற்று.

அதே 1863-ல் சிங்கர், பாரீசில் சந்தித்த இசபெல்லா என்ற இளம் பெண்ணை மணந்தார். அவருக்கும் 6 பிள்ளைகள். ஆக மொத்தம் 5 பெண்கள், 24 பிள்ளைகள் என்பது கணக்கு.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் பாரீசை விட்டு இங்கிலாந்து வந்தார். டெவன் மாவட்டத்தில் கடலோரமாக உள்ள பெய்ன்டன் ஊரில் பெரிய மாளிகை ஒன்று கட்டத் தொடங்கினார். அதற்குள்ளேயே ஒரு நாடக அரங்கும் அமைக்க ஏற்பாடு. கட்டிடம் முடிவதைப் பார்க்கவில்லை. 1875-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந்தேதி, 63-வது வயதில் காலமானார். மறு ஆண்டு கிளார்க் கம்பெனித் தலைவர் ஆனார்.

சிங்கர் விட்டுப்போன சொத்து ஒரு கோடி டாலருக்கும் அதிகம். பல குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பங்கு பிரித்து உயில் எழுதியிருந்தார். இசபெல்லாவின் பிள்ளைகள் பெருஞ்செல்வர் ஆனார்கள். அவர்களில் வின்னரெட்டா என்ற மகள் பிரான்சில் இளவரசியாகி, இசைக் கலைஞர்களை ஆதரித்துப் புகழ் பெற்றார்.

மூத்த மகன் வில்லியம், கேத்தரின் பெற்றவன். விவாகரத்து வழக்கில் தாயின் பக்கம் நின்றவன். அவனுக்கு உயிலில் எழுதியிருந்த தொகை 500 டாலர்.